பிரேக்கக்காவின் சிவப்புக் கோடு

நகரத்தின் முதல் பேருந்து காலை 5.40க்குப் புறப்படும். அதன் பிரேக்கைச் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டியவர் 5.15க்குப் பணிமனையில் இருந்தாக வேண்டும். அவரைக் கொண்டுவந்து சேர்க்க அதற்கு முன்னால் பேருந்து கிடையாது. நிர்வாகம் இந்தச் சிக்கலை இருபத்து மூன்று ஆண்டுகளாக ஆலோசித்துவருகிறது. அந்தக் கையெழுத்துக்குரியவர், பணிமனையில் எல்லோரும் பிரேக்கக்கா என்று கூப்பிடும் பெண், ஆலோசிக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரமே ஒரு சைக்கிளை வாங்கிவிட்டார்.

வீட்டுக்கும் பணிமனைக்கும் ஒன்பது கிலோமீட்டர். அதில் கடைசி இரண்டரை கிலோமீட்டர் ஏற்றம். முதல் மாதம் அந்த ஏற்றத்தில் மூன்று இடங்களில் இறங்கித் தள்ளினார். ஆறாவது மாதம் எங்கும் இறங்கவில்லை. மலைப்பாதையில் ஏழு நாள் சைக்கிள் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறார் என்று தெரிந்தபோது பணிமனையில் பலர் வாயைப் பிளந்தார்கள். போக வர ஒரு நாளைக்குப் பதினெட்டு என்று வைத்து, விடுப்பு நாட்களைக் கழித்துப் பார்த்தால், அதற்குள் அவர் ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியிருந்தார். வாயைப் பிளந்தவர்களில் யாரும் இதைப் பெருக்கிப் பார்த்திருக்கவில்லை.

பணிமனையில் வண்டிக்கு அடியில் இறங்கி நின்று வேலை பார்க்கும் குழிகள் மூன்று. இரண்டாவது குழி அவருடையது. குழிக்குப் பக்கத்து மேசையில் இடப்பக்கம் பிடிப்புக் கருவி. வலப்பக்கம் ஒரு மரப்பலகையில் வெர்னியர் அளவுகோல், துடைக்கும் துணி, சிறு டப்பாவில் சிவப்புப் பெயின்ட், ஒரு பிரஷ். வண்டியிலிருந்து ஒரு பிரேக் லைனிங்கை, அதாவது சக்கரத்தை உரசி நிறுத்தும் பட்டையை, கழற்றினால் அவர் முதலில் செய்யும் வேலை, அதன் உராயும் முகத்தின் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு இழுப்பது. கோடு விழுந்த லைனிங் மறுபடி எந்த வண்டியிலும் ஏறக் கூடாது. தேய்ந்ததா, பாதி தேய்ந்ததா என்ற பேச்சே இல்லை. கழற்றினால் கோடு, அவ்வளவுதான்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. அவர் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, தேய்ந்த லைனிங் ஒன்றைக் கழற்றி மேசையில் அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். அடுத்த ஷிஃப்டுக்கு வந்த ஆள் அதை நல்லது என்று நினைத்து வேறொரு வண்டியின் பின்சக்கரத்தில் மாட்டினார். மறுநாள் காலை 8.25க்கு அந்த வண்டி, மேட்டு நிறுத்தம் ஒன்றில் முப்பத்தோரு பயணிகளுடன் ஆறு மீட்டர் பின்னால் நழுவி ஒரு சுவரில் இடித்து நின்றது. ஒருவருடைய கைக்கடிகாரக் கண்ணாடி உடைந்ததைத் தவிர வேறு சேதம் இல்லை. விசாரணையில் மாட்டியவருக்குத்தான் தண்டனை கிடைத்தது. மேசையில் வைத்தவரை யாரும் கேட்கவில்லை. கேட்காதபோதும் அவர் மறுநாளே பெயின்ட் டப்பாவோடு வந்தார். அன்று முதல் இருபத்தொரு ஆண்டுகளில் அந்தப் பணிமனையில் சிவப்புக் கோடு போட்ட ஒரு துண்டுகூட வண்டியில் ஏறியதில்லை.

நழுவிய வண்டியின் ஓட்டுநர் அடுத்த வாரம் இரண்டாம் குழிக்கு வந்து, யார் இந்தக் கோடு இழுப்பது என்று விசாரித்தார். அதற்கடுத்த ஆண்டு இருவருக்கும் திருமணம் நடந்தது. ஒரு தடவை பிரேக் பிடிக்காமல் போனதற்கு இருபது வருடமாக நான் பின்னாலேயே போய்க்கொண்டிருக்கிறேன் என்று அவர் சக ஓட்டுநர்களிடம் சொல்வது வழக்கம்.

அந்த ஓட்டுநருடைய தங்கைதான் இந்தக் கதையின் இன்னொருவர். பிரேக்கக்காவுக்கு நாத்தனார். பிரேக்கக்காவுக்கு நாற்பத்தாறு வயது என்றால் நாத்தனாருக்கு நாற்பத்தொன்று. ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் வேலை. காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஒரு ஷிஃப்டுக்கு எட்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பதறி அழைப்பவர்கள் நடந்ததையெல்லாம் ஆதியிலிருந்து சொல்லத் தொடங்குவார்கள். அவர்களை நிறுத்தி, இடம் எங்கே, மூச்சு இருக்கிறதா என்ற இரண்டையும் முதல் இருபது நொடிக்குள் வாங்க வேண்டும். கதை அப்புறம். பதினான்கு ஆண்டுகள் இதையே செய்து அந்தக் குரல் வீட்டிலும் படிந்துவிட்டது. அண்ணன் அடுப்பில் பாத்திரத்தைக் கருக்கிவிட்டு அலறினால்கூட, "எந்த அடுப்பு? தீ இருக்கா?" என்றுதான் கேட்பார்.

நாற்காலியால் இடுப்பு பிடித்துக்கொண்டது. நடக்கவோ சைக்கிள் ஓட்டவோ மருத்துவர் சொன்னார். நடப்பது போரடிக்கும் என்று நாத்தனார் அண்ணியின் பழைய சைக்கிளை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் நகரத்துக்கு வெளியே உள்ள குன்றுப் பாதைகளுக்குப் போகத் தொடங்கினார்கள். முதலில் மதியத்துக்குள் திரும்பினார்கள், பிறகு மாலையில். ஓட்டுநருக்கு ஞாயிறு சமையல் நிரந்தரமாயிற்று. இரண்டாம் ஆண்டு இருவரும் தடித்த டயர் வைத்த மலைச் சைக்கிள்கள் வாங்கினார்கள். பிரேக்குகளை மட்டும் பிரேக்கக்கா தானே தேர்ந்தெடுத்தார். கடையில் மூலையில் கிடந்த பழைய மாடல். கடைக்காரர் புதியதைக் காட்டக் காட்ட, அவர் இதையே பிரித்துப் பார்த்துவிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிகிறது, இதுவே போதும் என்றார்.

பந்தயம் ஏழு நாள், 498 கிலோமீட்டர், மொத்த ஏற்றம் 11,260 மீட்டர். ஜோடியாகத்தான் ஓட்ட வேண்டும். இருவரும் நாள் முழுக்க சேர்ந்தே போக வேண்டும். நேரம் குறிக்கும் இடங்களில் ஒருவருக்கும் மற்றவருக்கும் இடையே இரண்டு நிமிடத்துக்கு மேல் இடைவெளி விழக் கூடாது. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கெடு. கெடு தாண்டி வந்தால் அத்துடன் மூட்டையைக் கட்டலாம்.

முந்தைய ஆண்டு அவர்கள் ஐந்தாம் நாள் மூட்டையைக் கட்டினார்கள். ஒன்பது மணி நேரக் கெடு. வந்து சேர்ந்தது ஒன்பது மணி நான்கு நிமிடம். திரும்பும் வழியில் நாற்பது கிலோமீட்டர் தாண்டியதும் நாத்தனார் வண்டியின் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்.

"ஆறு தடவை, அண்ணி."

அண்ணிக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஒவ்வொரு இறக்கத்தின் தலையிலும் நிறுத்தி, இறங்கி, சக்கரத்தின் டிஸ்கைக் கவ்விப் பிடிக்கும் பேடுகளைக் குனிந்து பார்த்து, சக்கரத்தைச் சுற்றி விட்டு, அப்புறம்தான் கிளம்புவார். அன்று ஆறு இறக்கங்கள். நாத்தனார் கைக்கடிகாரத்தில் எல்லாவற்றையும் குறித்திருந்தார். மொத்தம் பதினொரு நிமிடம்.

பணிமனைக்கு இந்தச் செய்தி எப்படியோ போய்ச் சேர்ந்தது. எப்படியோ என்ன, ஓட்டுநர்தான் சொன்னார். அடுத்த ஓராண்டு அவருடைய மனைவியை யாரும் பிரேக்கக்கா என்று கூப்பிட்டதைவிட 'நாலு நிமிஷம்' என்று கூப்பிட்டதே அதிகம். குழியை விட்டு வண்டி நகர்வதற்குள் மேலே எவனாவது கடிகாரத்தைப் பார்த்து, அக்கா, நாலு நிமிஷம் ஆகுமா என்பான். அவர் சிரிப்பார். ஸ்பேனரைச் சற்று அதிகமாக இறுக்குவார்.

ஆக இந்த ஆண்டு அவர்கள் போனது முதலிடத்துக்கோ பரிசுக்கோ அல்ல. ஏழாம் நாள் முடிவுக் கோட்டைக் கெடுவுக்குள் தாண்ட வேண்டும், அது ஒன்றுதான். நாளுக்கு ஒரே ஒரு நிறுத்தம் என்று ஒப்பந்தம் ஆயிற்று. அன்றைய பெரிய இறக்கத்தின் தலையில், இரண்டு நிமிடம். நாத்தனார் கையில் கடிகாரம் இருக்கும்.

முதல் மூன்று நாள் வெயில். 62, 74, 81 கிலோமீட்டர்கள் குறையின்றி முடிந்தன. நாத்தனார் ஏற்றத்தில் தேனீ. இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தால் விடமாட்டார். மூன்றாம் நாள் மாலை, 117 என்று அவர்களுடைய பந்தய எண்ணை எழுதிய கூடாரத்தின் வாசலில் பிரேக்கக்கா அளவெடுத்தார். பேடில் உராயும் பகுதி புதிதில் 2.2 மில்லிமீட்டர். தயாரித்தவர்கள் சொல்லும் எல்லை 0.5. நாத்தனாருடைய பின் பேட் 0.9, முன் பேட் 1.3. தன்னுடையது பின்னால் 1.4, முன்னால் 1.5.

மாற்ற வேண்டும் என்று சொல்லக்கூடியது ஒன்றே ஒன்று, அந்த 0.9. பிரேக்கக்கா நான்கையும் மாற்றினார். பேருந்தில் ஒரு சக்கரத்துக்கு லைனிங் மாற்றினால் அதே அச்சின் மறுசக்கரத்துக்கும் மாற்ற வேண்டும். இல்லையென்றால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். சைக்கிளுக்கு அந்தச் சிக்கலே கிடையாது. கை மட்டும் இருபத்து மூன்று ஆண்டுப் பழக்கத்தில் போயிற்று. எட்டு ஜோடி உபரி கொண்டுவந்திருந்தார், நான்கு மிஞ்சின. அது போதும் என்றார்.

கழற்றியவற்றைப் பிஸ்கட் டப்பாவில் போடும் முன் கை தானாகப் பெயின்டைத் தேடியது. பெயின்ட் டப்பாவை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். நாத்தனாரின் பையிலிருந்து சிவப்பு நகப்பூச்சு குப்பியை எடுத்து, ஒவ்வொரு பேடின் முகத்திலும் குறுக்கே ஒரு கோடு.

"அண்ணி, அது என் கல்யாணத்துக்கு வாங்கினதைவிட விலை ஜாஸ்தி" என்றார் நாத்தனார்.

"ஒரு கோடுதான். பேடு தப்பா ஏறிடக் கூடாது."

"இங்க யாரு ஏத்தப்போறா? நீங்களும் நானும்தானே இருக்கோம்."

அண்ணி எட்டாவது முகத்தில் கோட்டை இழுத்து முடித்தார்.

நான்காம் நாள் சிறியது, 58 கிலோமீட்டர். ஐந்தாம் நாள் விடிந்ததும் மழை பிடித்தது. மணல் கலந்த சேறு, மஞ்சள் நிறம், அரைத்த மாதிரி நைசாக இருந்தது. அந்தச் சேறு டிஸ்குக்கும் பேடுக்கும் நடுவே புகுந்தால் உப்புத்தாள் மாதிரி தின்றுவிடும். போன ஆண்டு வெளியேறிய அதே ஐந்தாம் நாளை அவர்கள் கெடுவுக்கு இருபத்தாறு நிமிடம் முன்பே முடித்தார்கள். ஆனால் மாலையில் நான்கு ஜோடி பேடுகளும் 0.3க்கு வந்திருந்தன. கடைசி நான்கு ஜோடிகளை மாட்டினார். ஆறாம் நாளும் மதியம் வரை மழை. அன்று மாலை 4.50க்குக் கழற்றியபோது ஒரு ஜோடியில் உலோகம் பளபளத்தது; மற்ற மூன்றும் அதற்கு அண்ணன் தம்பி.

உபரி பூஜ்யம். நாளைக்கு ஏழாம் நாள். 41வது கிலோமீட்டரில் ஓர் இறக்கம் தொடங்கும்: 17 கிலோமீட்டர் நீளம், 1,140 மீட்டர் ஆழம். பந்தயத்திலேயே பெரியது.

பழுதுபார்க்கும் கூடாரத்துக்கு ஓடினார். அங்கே இருந்த தாடிக்காரர் இரண்டே நாளில் நானூறு ஜோடி பேடுகள் விற்றுத் தீர்ந்த களைப்பில் இருந்தார். பிரேக்கக்கா நீட்டிய மாதிரியைப் புரட்டிப் பார்த்தார்.

"இந்த மாடல் பிரேக் இந்த முகாம்லயே நாலுதான் இருக்கு. நாலும் உங்க ரெண்டு பேர் வண்டியிலதான்."

திரும்பி வந்து கூடார வாசலில் உட்கார்ந்தார். பிஸ்கட் டப்பா மடியில். உள்ளே மூன்றாம் நாள் கழற்றிய நான்கு ஜோடிகள் இருந்தன. 0.9, 1.3, 1.4, 1.5. மூன்று வெயில் நாட்கள் ஓடியவை, இன்னும் இரண்டு வெயில் நாட்கள் தாங்கக்கூடியவை. நாளைக்கு வெயில் என்று அறிவிப்புப் பலகையில் எழுதியிருந்தது. எல்லாம் பொருந்தி வந்தது. ஒவ்வொன்றின் மேலும் ஒரு சிவப்புக் கோடு இருந்தது, அது மட்டும்தான் பொருந்தவில்லை.

நாத்தனார் குளித்துவிட்டு வந்தபோது அண்ணி டப்பாவைத் திறந்து வைத்தபடி இருந்தார். என்ன என்று கேட்டதற்கு அண்ணி, டெப்போவில் அந்த இரண்டாம் ஆண்டு நடந்ததிலிருந்து தொடங்கினார். மேசை, சுவர், முப்பத்தோரு பயணிகள். நாத்தனார் இதை ஏற்கெனவே பலமுறை கேட்டவர். அண்ணன் சொல்லியும் கேட்டவர். ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே எதிரில் உட்கார்ந்தார். வேலையிடத்துக் குரல் வந்தது.

"அண்ணி, கதை அப்புறம். அளவு சொல்லுங்க."

சொன்னார்.

"நாளைக்கு எவ்வளவு தேயும்?"

"காஞ்ச பாதைன்னா உன் கைக்கு அரை மில்லி. என் கைக்கு அதுக்கும் கம்மி."

"அப்போ மிச்சம் எவ்வளவு இருக்கும்?"

"இருக்கும். போதும்."

"வேற வழி ஏதாவது இருக்கா? நடந்து இறங்கினா?"

"பதினேழு கிலோமீட்டர். மூணரை மணி நேரம். கெடு போயிடும்."

"சரி. இந்தப் பேடைக் கழட்டினது ஏன்? கெட்டுப்போச்சுன்னா?"

பிரேக்கக்கா உள்ளதைச் சொன்னார். "ஒண்ணு தேஞ்சுது. மத்ததெல்லாம் பழக்கத்துல கழட்டினேன்."

"அப்போ கோடு போட்டதும் பழக்கம்தான். போட்டவங்கதான் எடுக்கணும். நான் எடுத்தா நீங்க நாளைக்கு நிம்மதியா இறங்க மாட்டீங்க."

இவ்வளவு சொல்லிவிட்டு நாத்தனார் பைக்குள் துழாவி, நகப்பூச்சு அழிக்கும் திரவத்தையும் பஞ்சையும் எடுத்து அண்ணியின் முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்தார். தலையைத் துவட்டப் போய்விட்டார்.

5.20க்கு அண்ணி முதல் கோட்டை அழித்தார். அதற்குப் பிறகு அவருடைய கை தயங்கவில்லை. எட்டு முகங்களையும் பஞ்சால் துடைத்து, தட்டையான ஒரு கல்லின் மேல் உப்புத்தாள் விரித்து, எட்டு எண் போடுவது போல மெல்லத் தேய்த்தார். ஒவ்வொன்றும் 0.1 குறைந்தது. மறுபடி அளந்தார்: 0.8, 1.2, 1.3, 1.4. விளிம்பில் மட்டும் இரண்டு பேடுகளில் சிவப்பு ஒரு நூலளவு தங்கிவிட்டது. அது டிஸ்கைத் தொடாது, விட்டுவிட்டார். 1.4ஐ நாத்தனாரின் முன்சக்கரத்திலும் 1.3ஐப் பின்சக்கரத்திலும் மாட்டினார். 1.2 தன் முன்சக்கரம். 0.8 தன் பின்சக்கரம்.

நாத்தனார் எண்ணத் தெரியாதவர் அல்ல. சின்னது எங்கே போயிற்று என்று கேட்டார்.

"என்கிட்ட. நான் கம்மியா பிடிப்பேன்."

"உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா எங்க அம்மா என்னைத்தான் திட்டுவாங்க, தெரியுமில்ல? இந்த வீட்ல மருமகளுக்கு இருக்கிற மரியாதை மகளுக்குக் கிடையாது."

"அதனாலதான் சொல்றேன். நீ விழுந்தா என்னைத் திட்ட மனசு வராது, உன்னையும் திட்ட முடியாது. பாவம், அவங்களுக்கு ஏமாற்றமாயிடும்."

புதிதாக லைனிங் போட்ட பேருந்தைப் பணிமனை வளாகத்தில் இருபது முறை ஓட்டி இருபது முறை மெல்ல நிறுத்துவார்கள். முகமும் முகமும் படிந்துகொள்வதற்காக. பிரேக்கக்கா முகாம் மைதானத்தில் முதலில் நாத்தனாரின் சைக்கிளில் இருபது, பிறகு தன்னுடையதில் இருபது ஓட்டி நிறுத்தினார். சாப்பாட்டு வரிசையில் நின்ற முந்நூறு பேரும் ஒரு நடுவயதுப் பெண் எங்கும் போகாமல் நாற்பது தடவை கிளம்பி நாற்பது தடவை நிற்பதைப் பார்த்தார்கள். பதினைந்தாவது தடவைக்கு மேல் சிலர் எண்ணவும் தொடங்கினார்கள். நாற்பதாவதற்குக் கைதட்டல் விழுந்தது.

ஏழாம் நாள் காலை ஏழு மணிக்குக் கிளம்பினார்கள். கெடு மாலை மூன்று. வெயில் சொன்னபடி வந்தது, ஆனால் இரண்டு நாள் சேற்றில் மிதித்த களைப்பு கால்களில் மிச்சம் இருந்தது. ஏற்றங்களில் நாத்தனாரே இரண்டு முறை மூச்சு வாங்க வேகத்தைக் குறைத்தார். இறக்கத்தின் தலையைத் தொட்டபோது மணி 1.31. இன்னும் 27 கிலோமீட்டர் பாக்கி. கையில் 89 நிமிடம்.

ஒப்பந்தப்படி அந்த நாளின் ஒரே நிறுத்தம் அந்த இடம்தான். நாத்தனார் கடிகாரத்தில் விரலை வைத்துக்கொண்டு சைக்கிளை ஓரம் கட்டினார். பிரேக்கக்கா ஓரம் கட்டவில்லை. இரண்டு பிரேக்குகளையும் ஒருமுறை லேசாக அமுக்கிப் பார்த்தார், கைக்கு வந்த அழுத்தம் சரியாக இருந்தது, அப்படியே இறங்கிவிட்டார். நாத்தனார் மறுபடி ஏறி மிதிப்பதற்குள் நாற்பது மீட்டர் இடைவெளி விழுந்தது.

"நிக்கலையா?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

"நேத்தே அளந்தாச்சு, வா."

பாதை முதலில் தளர்ந்த கற்கள்; பிறகு மரவேர்கள்; அதன் பிறகு, பள்ளத்தை ஒட்டிய குறுகிய வளைவுகள், எண்ணி இருபத்திரண்டு. பிரேக்கக்கா முன்னால் போய், எங்கே பிடிக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்று குரல் கொடுத்துக்கொண்டே இறங்கினார். பேருந்து ஓட்டுநர்களுக்கு வருடத்துக்கு இரண்டு முறை அவர் சொல்லும் பாடம்தான்: வளைவுக்கு முன்னால் பிடி, வளைவுக்குள் விடு, நாள் முழுக்கத் தடவிக்கொண்டே இருக்காதே. நாத்தனாரால் வழக்கமாக இதைக் கேட்டு நடக்க முடியாது. அன்று கேட்டார். அண்ணி நிற்காமல் இறங்கிய ஒரு சங்கதியே அவருடைய விரல்களைத் தளர்த்திவிட்டது என்று பின்னால் சொன்னார்.

இறக்கத்தின் பதினோராவது கிலோமீட்டரில் பிரேக்கக்காவின் பின்சக்கரத்திலிருந்து சத்தம் கிளம்பியது. அந்த 0.8. நாத்தனாருக்கும் கேட்டது.

"அண்ணி, சத்தம் வருது."

பிரேக்கக்கா காதைக் கொடுத்தார். லைனிங் தீர்ந்து உலோகம் உரசினால் சத்தம் கீச்சென்று எழும்பி, பிடிக்கப் பிடிக்க ஏறிக்கொண்டே போகும். இது கரகரவென்று வந்தது, பிடியை விட்டதும் போயிற்று, அடுத்த பிடியில் பாதியாகக் குறைந்தது. இரண்டாம் குழியில் கண்ணை மூடிக்கொண்டே சொல்லக்கூடிய வித்தியாசம்.

"மணல். தானா போயிடும். நிறுத்தாதே."

மூன்று வளைவுகளுக்குள் போய்விட்டது.

அடிவாரத்தை அடைந்தபோது மணி 2.19. மிஞ்சிய பத்து கிலோமீட்டர் வண்டித்தடம். அதில் நாத்தனார் முன்னால் வந்து எதிர்காற்றைத் தான் வாங்கிக்கொண்டார், அண்ணி அவர் பின்சக்கரத்தை ஒட்டி மிதித்தார். முடிவுக் கோட்டை 2.44க்குத் தாண்டினார்கள். கிளம்பிய 156 ஜோடிகளில் 121 முடித்தன, இவர்கள் 108வது.

ஓட்டுநர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். விடுப்புப் போட்டுவிட்டு, நான்கு மணி நேரம் இன்னொருவர் ஓட்டிய பேருந்தில் பயணியாக உட்கார்ந்து, அந்த ஆள் பிரேக்கை எப்படியெல்லாம் பாழாக்குகிறான் என்று எண்ணிக்கொண்டே வந்து சேர்ந்தவர். முதலில் தங்கையின் தலையைத் தட்டினார். பிறகு மனைவியிடம் கைக்கடிகாரத்தைக் காட்டினார்.

"பதினாறு நிமிஷம் முன்னாடி. டெப்போல நேரத்துக்கு முன்னாடி வந்தாலும் மெமோ உண்டு, தெரியுமா?"

தங்கை தரையில் படுத்துவிட்டார். மனைவி சைக்கிளைக் கவிழ்த்து, பின்சக்கரத்தைக் கழற்றி, பேடுகளை எடுத்து, வெர்னியரை வைத்தார். 0.5. எல்லைக்கோட்டிலேயே நின்றிருந்தது. அளவைச் சொன்னவர் பேடைக் கையில் கொடுத்தார். ஓட்டுநர் திருப்பிப் பார்த்தார். விளிம்பில் அந்த நூலளவு சிவப்பு.

அவர் அதை விரலால் தடவினார். சுவரில் இடித்த வண்டியில் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் அவர். மனைவி நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார். பழக்கத்தில் கழற்றியது, மழை, நாலே நாலு பிரேக், நகப்பூச்சு, உப்புத்தாள். எதையும் விடவில்லை. கோட்டை அழித்ததையும் விடவில்லை.

"அன்னைக்கு என் வண்டியில ஏறினதை யாருமே அளக்கலை. இது நீ அளந்து ஏத்தினது. ரெண்டும் ஒண்ணா?" என்றார் ஓட்டுநர். பிறகு பேடைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சைக்கிளைத் தூக்கத் தங்கையை எழுப்பினார். எழுந்தவர் முதலில் கேட்டது நகப்பூச்சு மிச்சம் இருக்கிறதா என்று. இருந்தது. அண்ணி மற்ற பேடுகளையும் கழற்றி, எட்டு முகங்களுக்கும் அங்கேயே புதிதாகக் கோடு இழுத்தார். அதோடு குப்பி காலி.

திங்கட்கிழமை காலை 5.15க்கு அவர் இரண்டாம் குழியில் இருந்தார். மேலே நின்ற ஒருவர், கோடு போட்டதையே மாட்டி ஓட்டினாயாமே அக்கா, இனிமேல் நமக்கும் சலுகை உண்டா என்று சீண்டினார். அது என் உயிர், இது நாற்பது பேர் உயிர், கையை எடு என்று பதில் வந்தது. சிவப்புக் கோட்டு விதி மாறவில்லை. ஆனால் கழற்றிய பொருட்களின் பதிவேட்டில் அன்று ஒரு புதிய பத்தி முளைத்தது. அதுவரை தேதி, வண்டி எண், சக்கரம் என்று மூன்றே பத்திகள். நான்காவதாக, கழற்றியபோது இருந்த அளவு. எல்லாவற்றுக்கும் கோடு உண்டு. ஆனால் எது தேய்ந்து கழன்றது, எது பழக்கத்தில் கழன்றது என்று அந்தப் பத்தியைப் பார்த்தால் தெரிந்துவிடும். முதல் இரண்டு மாதங்களிலேயே தேவையில்லாமல் கழற்றுவது பாதியாகக் குறைந்திருப்பது அதில் இருக்கிறது.

அந்த முதல் மாதக் கடைசியில் ஆய்வாளர் பதிவேட்டைச் சரிபார்க்க வந்தார். புதிய பத்தி அவருக்குப் பிடித்திருந்தது. ஆனால் முதல் வரியிலேயே விரல் நின்றது. வண்டி எண் 117, பின்சக்கரம், அளவு 0.5. பணிமனையில் இருப்பதே 94 வண்டிகள்.

"117ன்னு நம்மகிட்ட வண்டியே இல்லையேம்மா."

"இருந்தது சார். ஏழு நாள்தான் ஓடுச்சு" என்று குழிக்குள்ளிருந்து பதில் வந்தது. "நேரத்துக்கு முன்னாடியே வந்துடுச்சு. மெமோ கொடுக்கணும்னா கொடுங்க."